‘நீ தப்பா யோசிக்கிறே’ன்னு சொல்றதுதான் காக்னிட்டிவ் சைக்காலஜியா?

கேள்வி: நான் வேலை பாத்துக்கிட்டே கரஸ்பாண்டன்ஸ்ல சைக்காலஜி படிக்கிறேன். காக்னிட்டிவ் அப்ரோச்னு ஒரு பாடம், அதாவது யோசனை, ஞாபகம், கவனம்னு மனசுக்குள்ள நடக்கறதை ஆராயற அணுகுமுறை, அதோட நிறை குறைகளை எழுதுன்னு எல்லா பரீட்சையிலயும் கேக்கறாங்க. ‘அறிவியல்பூர்வமானது, ஆனா மனுஷனை மெஷின் மாதிரி பாக்குது’ன்னு மனப்பாடம் பண்ணி எழுதிடறேன், ஆனா மண்டைக்குள்ள ஒன்னும் ஏறல. இதுக்கு நடுவுல என் அக்கா டிப்ரெஷனுக்காக சிபிடி, அதாவது காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபிக்கு போயிட்டிருக்கா. போன வாரம் வந்து ‘நான் தப்பா யோசிக்கிறதாலதான் இப்படி இருக்கேனாம்’னு சொல்லி ஒரே அழுகை. எனக்கு அந்த பாடத்து மேலயே வெறுப்பு வந்துடுச்சு. நெஜமாவே இந்த அணுகுமுறை நல்லதா, இல்ல கஷ்டப்படறவங்க மேலயே பழி போடற ஒன்னா?

பதில்: உங்க கோவம் நியாயமானதுதான், ஆனா அது போய் சேர வேண்டிய இடம் வேற. நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், தினமும் சிபிடி பண்றவ, அதனால இந்த அணுகுமுறை மேல எனக்கு ரொம்ப மதிப்பு உண்டு, அதை முன்னாடியே சொல்லிடறேன். அந்த மதிப்பு இருக்கறதாலதான் உங்க அக்கா அழுதாங்கன்னு படிச்சப்போ எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. அவங்க விஷயத்தை விரிவா பேசணும், ஆனா அதுக்கு முன்னாடி உங்க பாடத்துக்குள்ள போயிட்டு வந்துடலாம், ஏன்னா அக்காவுக்கு நடந்தது அந்த பாடத்துல இருக்கற ஒரு குறையிலேர்ந்து நேரா வர்ற விஷயம்.

இந்த அணுகுமுறை எதுக்காக வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி புரிஞ்சிடும். 1879-ல ஜெர்மனியில லைப்சிக் நகரத்துல வுண்ட்ங்கறவர் சைக்காலஜிக்குன்னு ஆய்வுக்கூடம் ஆரம்பிச்ச காலத்துல, ஆளுங்களை உக்கார வச்சு உங்க மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு நீங்களே கவனிச்சு சொல்லுங்கன்னு கேட்டுத்தான் ஆராய்ச்சி பண்ணாங்க. இதுல என்ன சிக்கல்னா ஒருத்தர் சொல்றது சரியா தப்பான்னு இன்னொருத்தர் செக் பண்ணவே முடியாது. அதனாலதான் 1913-ல வாட்சன்ங்கற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் எழுந்து நின்னு, மனசுங்கற பேச்சையே விடுங்க, வெளியில தெரியற நடத்தையை மட்டும் அளப்போம்னு சொன்னார். அவர் சொன்னதுல ஞாயம் இருந்துச்சு, அதான் அமெரிக்காவுல அடுத்த முப்பது நாப்பது வருஷம் பிஹேவியரிசம்ங்கற இந்த பார்வைதான் கோலோச்சுச்சு.

ஆனா அதை வச்சு விளக்க முடியாத விஷயங்கள் ஒன்னொன்னா வர ஆரம்பிச்சுது. டோல்மன் எலிகளை வச்சு பண்ண சோதனைகள்ல, எலி வழியை வெறுமனே பழக்கத்துல ஓடல, அந்த இடத்தோட ஒரு வரைபடத்தையே மண்டைக்குள்ள வச்சிருக்குன்னு 1948-ல எழுதினார். ஸ்கின்னர் 1957-ல மொழியும் பழக்கமும் பரிசும் சேர்ந்து வர்றதுதான்னு புத்தகம் போட்டார், ரெண்டே வருஷத்துல மொழியியல் அறிஞர் சாம்ஸ்கி அதை அக்குவேறா ஆணிவேறா பிரிச்சு விமர்சனம் எழுதினார், அவரோட வாதத்துல முக்கியமான ஒன்னு குழந்தைங்க இதுவரைக்கும் யாருமே சொல்லாத வாக்கியத்தை எல்லாம் பேசுதே அது எப்படிங்கறது. இதுக்கு நடுவுல 1956 செப்டம்பர் 11 அன்னிக்கு அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல நடந்த கூட்டத்துல சைக்காலஜிஸ்ட் மில்லர், சாம்ஸ்கி, அப்புறம் கம்ப்யூட்டர் பக்கத்துலேர்ந்து நியூவெல், சைமன்னு எல்லாரும் அடுத்தடுத்து பேசினாங்க. மனசை ஆராயற இந்த காக்னிட்டிவ் சயின்ஸ் பொறந்த நாள்னு நிறைய பேர் அந்த நாளைத்தான் சொல்லுவாங்க. 1967-ல அல்ரிக் நைசர் எழுதின பாடப்புத்தகத்தோட காக்னிட்டிவ் சைக்காலஜிங்கற பேரும் நிலைச்சுது. நைசர் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, அவர்கிட்ட திரும்ப வரணும்.

சரி, இவங்க புதுசா என்ன பண்ணாங்க? மனசை நேரா பாக்க முடியாதுங்கறதை ஒத்துக்கிட்டாங்க. ஆனா உள்ள இப்படி நடந்தா வெளியில இது இது தெரியணும்னு முன்கூட்டியே ஒரு ஊகத்தை வச்சு, அதை சோதிச்சு பாக்கலாமேன்னு சொன்னாங்க. இதுக்கு நீங்களே பண்ணிப் பாக்கக்கூடிய ஒரு சோதனை இருக்கு, ஸ்ட்ரூப் 1935-லயே வெளியிட்டது. ‘சிவப்பு’ங்கற சொல்லை பச்சை மையில எழுதுங்க, ‘நீலம்’ங்கறதை சிவப்பு மையில எழுதுங்க, இப்படி ஒரு பக்கம் நிறைய எழுதிட்டு, சொல்லைப் படிக்காம மை என்ன நிறம்னு மட்டும் வேகமா சொல்லிட்டே வாங்க. நாக்கு தடுமாறும், நேரம் கூடுதலா ஆகும். வெறும் நிறக்கட்டமா இருந்தா இந்த தடுமாற்றம் இல்ல. அந்த கூடுதல் நேரத்தை ஸ்டாப்வாட்ச் வச்சு யார் வேணா அளக்கலாம், அதுலேர்ந்து படிக்கிறதுங்கறது நம்ம அனுமதி கேக்காமலே உள்ள ஓடிட்டிருக்குன்னு ஊகிக்கலாம். பாக்க முடியாததைப் பத்தி, பாக்கக்கூடிய ஒன்னை வச்சு, தப்புன்னா தப்புன்னு நிரூபிக்கக்கூடிய மாதிரி பேசறது, இந்த அணுகுமுறையோட முதுகெலும்பே இதுதான். பரீட்சையில ‘அறிவியல்பூர்வமானது’ன்னு ஒத்தை சொல்லா எழுதறீங்களே, அதுக்குள்ள இவ்வளவு இருக்கு. இதோட பெரிய குறையும் இதே இடத்துலதான் உக்காந்திருக்கு, அது ஊகம்ங்கற சொல்லுல. அதுக்கு கொஞ்சம் கழிச்சு வர்றேன்.

பலத்துக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச சாட்சி ஹென்றி மொலைசன். அவர் உயிரோட இருந்த வரைக்கும் பாடப்புத்தகங்கள்ல எச்எம்ங்கற ரெண்டு எழுத்துதான் அவர், 2008-ல இறந்தப்புறம்தான் முழு பேர் வெளியில வந்துச்சு. கட்டுப்படாத வலிப்புக்காக 1953-ல அவருக்கு ஆபரேஷன் பண்ணி மூளையில ரெண்டு பக்கமும் ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியோட பெரும்பங்கை எடுத்துட்டாங்க. வலிப்பு குறைஞ்சுது, ஆனா அதுக்கப்புறம் புதுசா எதுவும் அவர் ஞாபகத்துல தங்கல. இப்போ பேசிட்டு வெளியில போய் திரும்பி வந்தா புது ஆளா பாப்பார். பிரெண்டா மில்னர்ங்கற சைக்காலஜிஸ்ட் அவர்கிட்ட ஒரு வேலை கொடுத்தாங்க, கண்ணாடியில தெரியற பிம்பத்தை மட்டும் பாத்துக்கிட்டே ஒரு நட்சத்திரத்தோட ரெண்டு கோட்டுக்கு நடுவுல பென்சிலால வரையணும். கை எதிர் திசையில போகும், யாருக்குமே கஷ்டம்தான். மூணு நாள் பண்ணதுல அவரோட தப்பு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, மூணாவது நாள் நல்லாவே வரைஞ்சார், ஆனா ஒவ்வொரு நாளும் இதை முன்னாடி பண்ணதா அவருக்கு ஞாபகமே இல்ல! கைக்கு தெரியுது, அவருக்கு தெரியல. ஞாபகம்ங்கறது ஒரே பொருள் இல்ல, உள்ள தனித்தனியா வேலை செய்யற பல அமைப்புங்கன்னு இதைவிட அழுத்தமா யாராலயும் சொல்ல முடியாது. ‘கொடுத்த தூண்டல், வந்த பதில்’னு மட்டும் பாத்துட்டிருந்தா இந்த கேள்வியே யாருக்கும் தோணியிருக்காது.

இன்னொரு பலம், இது நிஜ உலகத்துக்கு பயன்படுது. லாஃப்டஸும் பாமரும் 1974-ல பண்ண சோதனை உங்க சிலபஸ்ல கண்டிப்பா இருக்கும். 45 மாணவர்களுக்கு கார் விபத்து படங்களை போட்டுக் காட்டிட்டு, கார் என்ன வேகத்துல வந்துச்சுன்னு கேட்டாங்க. கேள்வியில ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் ஆளுக்கு ஆள் மாத்தினாங்க. ‘மோதி நொறுங்கினப்போ’ன்னு கேட்டவங்க சொன்ன வேகம் சராசரியா மணிக்கு 40 மைலுக்கு மேல, ‘தொட்டப்போ’ங்கற மாதிரி மென்மையா கேட்டவங்க சொன்னது 31.8. அடுத்த சோதனையில 150 பேர், ஒரு வாரம் கழிச்சு கூப்பிட்டு, உடைஞ்ச கண்ணாடியை பாத்தீங்களான்னு கேட்டாங்க. படத்துல உடைஞ்ச கண்ணாடியே கிடையாது. ‘நொறுங்கின’ங்கற சொல்லை கேட்ட 50 பேர்ல 16 பேர் பாத்தேன்னாங்க, ‘இடிச்ச’ங்கற சொல்லை கேட்ட 50 பேர்ல 7 பேர்தான், வேகத்தைப் பத்தியே கேக்காத 50 பேர்ல 6 பேர். இந்த மாதிரி ஆராய்ச்சி எல்லாம் சேர்ந்துதான் சாட்சியை எப்படி விசாரிக்கணும்ங்கற பேச்சையே மாத்துச்சு. 1980-கள்ல ஃபிஷரும் கைசல்மனும் காக்னிட்டிவ் இன்டர்வியூன்னு ஒரு முறையை கொண்டு வந்தாங்க, சாட்சியை அந்த இடத்துக்கு மனசால திரும்ப கூட்டிட்டுப் போய், வாய்ல வார்த்தையை திணிக்காம, அவங்களா சொல்ல விட்டு கேக்கறது.

படிக்கிறவங்கங்கறதால உங்களுக்கே ஒன்னு சொல்றேன். 2006-ல ரோடிகரும் கார்ப்பிக்கியும் பண்ண ஆய்வுல, பாடத்தை திரும்பத் திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல முந்தினாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு பாத்தா, புத்தகத்தை மூடிட்டு ஞாபகத்துலேர்ந்து எழுதிப் பாத்தவங்கதான் முன்னாடி இருந்தாங்க. மண்டைக்குள்ள ஒன்னும் ஏறலன்னு சொன்னீங்களே, மூடி வச்சுட்டு எழுதிப் பாருங்க.

இப்போ குறைகளுக்கு வர்றேன், இங்கதான் ‘மெஷின் மாதிரி பாக்குது’ங்கற ஒத்தை வரியோட எல்லாரும் நிறுத்திடறாங்க.

அந்த கார் சோதனையையே எடுத்துக்கோங்க. பாத்தவங்க மாணவர்கள், பாத்தது படம், அதுல யாருக்கும் பயமும் இல்ல, இழப்பும் இல்ல, தப்பா சொன்னா யாரும் ஜெயிலுக்கு போகப் போறதும் இல்ல. யூயிலும் கட்ஷாலும் 1986-ல வெளியிட்ட ஆய்வு வேற மாதிரி. கனடாவுல நெஜமாவே நடந்த ஒரு துப்பாக்கிச்சூட்டை கண்ணால பாத்த 13 பேரை நாலஞ்சு மாசம் கழிச்சு பேட்டி எடுத்தாங்க, வேணும்னே திசைதிருப்பற கேள்வியும் கேட்டாங்க. அவங்க ஞாபகம் பெரும்பாலும் ஸ்ட்ராங்கா நின்னுச்சு, அந்த கேள்விங்க பெருசா அசைக்கல. 13 பேர்ங்கறது சின்ன எண்ணிக்கைதான், அவங்கள்ல சிலர் சம்பவத்துக்கு ரொம்ப பக்கத்துல இருந்தாங்க, அதனால இதை வச்சு லாஃப்டஸ் சொன்னது பொய்னு ஆயிடாது. ஆனா ஆய்வுக்கூடத்துல கிடைச்சதை அப்படியே தூக்கிட்டு வந்து வாழ்க்கையில பொருத்தினா கொஞ்சம் இடிக்கும்னு தெரியுது. இதை முதல்ல உரக்க சொன்னவங்கள்ல ஒருத்தர் யார் தெரியுமா, இந்த துறைக்கு பேர் நிலைக்க வச்ச அதே நைசர். 1976-லயே, நாம ஆய்வுக்கூடத்துல பண்றது அன்றாட வாழ்க்கையை விட்டு ரொம்ப தூரம் போயிடுச்சுன்னு எழுதினார். எனக்கு இது ரொம்ப பெரிய விஷயமா படுது, எதிர் முகாம்லேர்ந்து வந்த விமர்சனம் இல்ல இது, வீட்டுக்குள்ளேர்ந்தே வந்தது. பரீட்சையில இதை எழுதுங்க, திருத்தறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

அடுத்தது அந்த ஊகம். உள்ள நடக்கறதை யாரும் பாக்கல, கட்டம் போட்டு அம்புக்குறி போட்டு மாடல் வரையறோம். மில்லர் 1956-ல, ஒரு நேரத்துல நம்மளால மனசுல பிடிச்சு வைக்க முடியறது ஏழு, ரெண்டு கூடலாம் குறையலாம்னு எழுதினார். 2001-ல கோவன்ங்கறவர், ஏழு இல்ல, கிட்டத்தட்ட நாலுதான்னு வாதம் வச்சார். குறுகிய கால நினைவுன்னு ஒரே கட்டமா இருந்ததை 1974-ல பேட்லியும் ஹிட்சும் பிரிச்சு வொர்க்கிங் மெமரின்னு, அதாவது தகவலை பிடிச்சு வச்சுக்கிட்டே அதை வச்சு வேலை செய்யற நினைவுன்னு மாத்தினாங்க, அதுல எல்லாத்தையும் மேய்க்கற சென்ட்ரல் எக்ஸிக்யூட்டிவ்னு ஒன்னு இருக்கு, அது சரியா எப்படி மேய்க்குதுன்னு கேட்டா பதில் இன்னிக்கும் மங்கலாதான் வரும். மாடல் மாறறது தப்பில்ல, அறிவியல்னா அப்படித்தான். ஆனா கட்டத்துக்கு பேர் வச்சுட்டதாலயே விளக்கிட்டோம்னு நினைச்சுடக்கூடாது.

இந்த அணுகுமுறை மனசை, தகவலை வாங்கி அலசற கம்ப்யூட்டர் மாதிரி பாக்குது, அந்த ஒப்பீட்டுல எனக்கு உறுத்தற விஷயம் வேற. கம்ப்யூட்டர்ல போட்ட ஃபைல் போட்ட மாதிரியே திரும்ப வரும், மனுஷ ஞாபகம் அப்படி வர்றதில்ல, ஒவ்வொரு தடவையும் திரும்ப கட்டிக்கறோம்னு பார்ட்லெட் 1932-லயே காட்டிட்டார், அதாவது கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே. அதோட கம்ப்யூட்டருக்கு தூக்கம் கெடாது, வேலை போயிடுமோன்னு வயித்துல புளி கரையாது. பயத்துல இருக்கறவங்க கவனம் வேற மாதிரி ஓடும், துக்கத்துல இருக்கறவங்க ஞாபகம் வேற மாதிரி பொறுக்கும். ஆரம்ப கால மாடல்கள்ல இந்த உணர்ச்சி, உடம்பு, சுத்தி இருக்கற மனுஷங்க, எதுக்குமே இடம் இல்ல. பின்னால வந்தவங்க நிறைய சரி பண்ணாங்க, ஆனாலும் தனி ஆளோட மண்டைக்குள்ள மட்டும் பாக்கற பழக்கம் முழுசா போகல. இந்த பழக்கத்தோட வலியைத்தான் உங்க அக்கா அனுபவிக்கறாங்க.

சிபிடிக்கு அடித்தளம் போட்ட மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-கள்ல, டிப்ரெஷன்ல இருக்கறவங்க பேசறதை உன்னிப்பா கேட்டப்போ, தன்னைப் பத்தி, உலகத்தைப் பத்தி, எதிர்காலத்தைப் பத்தின்னு மூணு திசையிலயும் இருட்டான நினைப்பு தானாவே ஓடிட்டிருக்கறதை கவனிச்சார். அதை பிடிச்சு எழுதி சோதிச்சு பாக்கறதுதான் தெரபியோட ஒரு பகுதி. உதாரணத்துக்கு, ஒருத்தர் ஃபிரெண்டுக்கு மெசேஜ் அனுப்பறார், ப்ளூ டிக் வந்துடுச்சு, பதில் இல்ல. ‘என்னை யாருக்கும் வேண்டாம்’னு நினைப்பு பளிச்சுனு வருது, நெஞ்சு கனக்குது, ஃபோனை தூக்கிப் போட்டுட்டு படுத்துடறார். செஷன்ல நாங்க அந்த அரை மணி நேரத்தை மெதுவா திரும்ப ஓட்டிப் பாப்போம். என்ன நினைப்பு வந்துச்சு, அதை எவ்வளவு நம்பினீங்க, அதுக்கு என்ன ஆதாரம், எதிரா என்ன ஆதாரம், வேற என்ன காரணம் இருக்கலாம். அந்த ஃபிரெண்ட் நெஜமாவே விலகிட்டாரா இருக்கலாம், அதுவும் ஒரு விடைதான், அப்போ பேச வேண்டியது அந்த இழப்பைப் பத்தி. தெரபிஸ்ட் முன்கூட்டியே ‘உங்க நினைப்பு தப்பு’ன்னு முடிவு கட்டிட்டு உக்காரக்கூடாது, ரெண்டு பேரும் சேர்ந்து தேடணும். பெக் சொல்லிக் கொடுத்ததே அதைத்தான்.

‘தப்பா யோசிக்கிறதாலதான் டிப்ரெஷன் வந்துச்சு’ன்னு சொல்றது அதைத் தாண்டி ரொம்ப தூரம் போற பேச்சு. தலைவலி மாத்திரை போட்டா வலி போகுதுங்கறதால, உடம்புல மாத்திரை குறைஞ்சதாலதான் தலைவலி வந்துச்சுன்னு யாராவது சொல்லுவோமா? நினைப்பை சோதிக்கறது உதவுதுங்கறதும் நினைப்புதான் காரணம்ங்கறதும் வேற வேற. இருட்டான நினைப்பு டிப்ரெஷனை கிளப்பலாம், டிப்ரெஷனே அந்த நினைப்பை கிளப்பலாம், ரெண்டும் ஒன்னை ஒன்னு ஊட்டி வளர்க்கலாம். பரம்பரை, உடம்பு, இழப்பு, பணக்கஷ்டம், வீட்டுல நடக்கற வன்முறைன்னு காரணம் பல இடத்துலேர்ந்து வருது. தினமும் அடி வாங்கற ஒருத்தர் ‘எனக்கு பாதுகாப்பு இல்ல’ன்னு நினைச்சா அது சிந்தனைக் கோளாறு இல்ல, அது உண்மை. மாத்த வேண்டியது அவங்க இருக்கற நிலைமையை.

இன்னொரு ஆய்வு இருக்கு, இதை எல்லா தெரபிஸ்ட்டும் படிச்சிருக்கணும்னு நினைக்கிறேன். 1996-ல ஜேக்கப்சனும் கூட இருந்தவங்களும் டிப்ரெஷன்ல இருந்த 150 பேர் கிட்ட, சிபிடியை பிரிச்சு பிரிச்சு கொடுத்துப் பாத்தாங்க. ஒரு குழுவுக்கு வெறும் செயல் பகுதி மட்டும், அதாவது நின்னு போன வேலைகளை, பிடிச்ச விஷயங்களை கொஞ்சம் கொஞ்சமா திரும்ப தொடங்கறது. இன்னொரு குழுவுக்கு அதோட நினைப்பை சோதிக்கறதும், மூணாவது குழுவுக்கு முழு சிபிடி. முடிவுல முழுசா வாங்கினவங்க வெறும் செயல் பகுதி வாங்கினவங்களை விட முந்தல, ஆறு மாசம் கழிச்சும் அப்படித்தான். சிபிடி வேலை செய்யுது, ஆனா நினைப்பை மாத்தினதாலதான் வேலை செஞ்சுதான்னு கேட்டா அது அவ்வளவு சுலபமான கேள்வி இல்ல. உங்க அக்காவுக்கு யோசனையை பிடிச்சு எழுதற வேலை இப்போ பாரமா இருந்தா, செயல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கறது முழு மரியாதையான சிகிச்சைதான், ரெண்டாந்தரம் இல்ல.

அக்காகிட்ட முதல்ல நீங்க பண்ண வேண்டியது, அவங்க நினைப்பை திருத்தாம கேக்கறது. சாகணும்ங்கற நினைப்பு வருதான்னு நேரா கேளுங்க, கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்சதாயிடும்னு பயப்பட வேண்டாம், அப்படி ஆகறதில்லன்னு ஆய்வுகள் சொல்லுது. வருதுன்னு சொன்னா தனியா விடாதீங்க, அடுத்த செஷன் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அப்படி எதுவும் இல்லன்னா, அடுத்தது தெரபிஸ்ட் விஷயம். அந்த தெரபிஸ்ட் நெஜமாவே என்ன வார்த்தை சொன்னாங்கன்னு நமக்கு தெரியாது, டிப்ரெஷன்ல இருக்கும்போது ‘இந்த நினைப்பை பாக்கலாமா’ன்னு கேட்டதே ‘தப்பு உன்னுது’ன்னு காதுல விழலாம், இல்ல அவங்க அப்படியே சொல்லியும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அதை அடுத்த செஷன்ல அக்காவே எடுத்து வைக்கணும்: ‘போன தடவை நீங்க பேசினது, இதெல்லாம் என் தப்புதான்னு சொல்ற மாதிரி இருந்துச்சு, வீட்டுக்கு போய் அழுதேன்.’ சொல்ல கூச்சமா இருந்தா ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுக்கட்டும், நீங்க கூட போய் வெளியில உக்காந்திருங்க. நல்ல தெரபிஸ்ட்டா இருந்தா அந்த நிமிஷமே மத்ததை எல்லாம் ஓரமா வச்சுட்டு அதைத்தான் பேசுவாங்க. தற்காத்துக்கிட்டு வாதம் பண்ணாங்கன்னா, இல்ல இதுவும் உங்க தப்பான நினைப்புதான்னு சொன்னாங்கன்னா, தயங்காம வேற ஆளைப் பாருங்க. ஆளைத்தான் மாத்தறோம், சிகிச்சையை விடல. மருந்து ஏதாவது ஓடிட்டிருந்தா கோவத்துல அதையும் நிறுத்திடாம டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்யச் சொல்லுங்க.